காரீயமும் மின்காந்தக் கவசமும்

கல்முனைக் கடைத்தெருவில் விற்பனையாகும் கைத்தொலைபேசியைப் பிரித்துப் பார்ப்போர், அதன் மின்சுற்றுகளை மூடிய மெல்லிய உலோகத் தகடுகளைக் காண்பர். ஒரு சுற்றின் மின்காந்த அலை பிறிதொன்றைக் குழப்பாது காப்பதே அவற்றின் தொழில். ஆயின் உலோகம் பாரமானது. இக்கரையோரத்து உப்புக்காற்று அதனை அரித்தும் விடும். ஆதலின் அறிஞர் காபனை நாடினர். 2004இல் மான்செஸ்டரில் கெய்மும் நோவோசெலோவும் ஓரணுத் தடிப்புள்ள கிராபீன் படையைக் காரீயத்திலிருந்து பிரித்தெடுத்தனர். அதனைச் சிறிதளவே பல்பகுதியத்திற் கலப்பினும், துணுக்குகள் ஒன்றையொன்று தொட்டு வலைபோற் பிணையுமாயின் பிளாத்திக்கும் மின்கடத்தியாகும். படும் அலையின் ஒரு பகுதி தெறிக்கும், மற்றொரு பகுதி உறிஞ்சப்படும்.

இக்காரீயம், அதாவது பென்சிற்கரி, நமது நாட்டுப் பொருள். 1859இல் ஆங்கிலேய இரசாயனவியலாளர் பிரொடி காரீயத்தை ஒட்சியேற்றிக் காட்டினார். கிராபீன் ஆக்கத்திற்கு இன்றும் அது ஒரு முக்கிய வழி. அந்நூற்றாண்டிலேயே இலங்கைக் காரீயம், உலோகம் உருக்கும் மூசைகளுக்காக மேனாடுகளுக்குக் கப்பலேறியது. முதலாம் உலகப் போரில் ஏற்றுமதி உச்சத்தை எட்டியது; போர் ஓய்ந்ததும் சரிந்தது. சுரங்கத்தில் இறங்கியவர் உழைப்பு இங்கே, ஆய்வறிவு அங்கே என்றிருந்த அந்நிலை விசனத்துக்குரியது. போகல, கஹட்டகஹ சுரங்கங்கள் எஞ்சின. 2008இல் இலங்கை நானோ தொழினுட்ப நிறுவகம் அமைந்த பின்னரே, இந்நாட்டுக் காரீயத்திலிருந்து இந்நாட்டிலேயே கிராபீன் ஆக்கும் முயற்சி உருப்பெற்றது.