கால்சியம் பாஸ்பேட்: நம் எலும்பிலும் தேயிலைத் தோட்டத்திலும்

நம் எலும்புக்கும் பல்லுக்கும் உறுதி தருவது கால்சியம் பாஸ்பேட் என்ற உப்பு. உடலிலுள்ள பாஸ்பரஸில் சுமார் 85 சதவீதம் அங்குதான் இருக்கிறது. குர்பானிக்குப் பின் மிஞ்சும் எலும்பிலும் இதுவே. வேகவைத்து அரைத்தால் அது எலும்புத் தூள் உரம். இவ்வகை உப்பு பாறையாகவும் கிடைக்கிறது. ராஜஸ்தானில் உதய்பூர் அருகே ஜாமர்கோட்ராவில் வெட்டியெடுக்கிறார்கள். அந்தப் பாறையின் தூளைத்தான் ராக் பாஸ்பேட் என்று உரக்கடையில் வாங்குகிறோம்.

தன்மை

தண்ணீரில் எளிதில் கரையாது, அமிலத்தில் கரையும். தேயிலைக்கு ஏற்றது 4.5 முதல் 5.5 வரை பிஎச் உள்ள அமில மண். குன்னூர், கோத்தகிரி தோட்டங்களில் இத்தூள் மெல்லக் கரைந்து நீண்ட நாள் சத்து தருவது அதனால்தான். சமவெளியின் சுண்ணாம்பு மண்ணில் போட்டால் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். அங்கே, பாறைத் தூளைக் கந்தக அமிலத்தில் பக்குவப்படுத்திய சூப்பர் பாஸ்பேட்தான் பயன்படும். அதற்கான இந்தியாவின் முதல் ஆலை 1906-ல் ராணிப்பேட்டையில் தொடங்கியது.

பயன்படுத்தும் முறை

மலை மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும். அது போட்ட இடத்தைவிட்டு அதிகம் நகராது. மேலே தூவினால் வேருக்கு எட்டாது. சரிவில் மழை அதை மண்ணோடு ஓடைக்கு அடித்துச் செல்லும். தேங்கும் நீரில் பாசி பெருகும். காசும் வீண், குடிநீரும் கெடும்.

ஆகவே மண் பரிசோதனை செய்து, தேவையான அளவை மட்டும் செடியோரம் குழியிட்டுப் புதைப்போம். சுண்ணாம்போ டோலமைட்டோ இதனுடன் கலக்க வேண்டாம். அவை மண்ணின் அமிலத்தைக் குறைத்து, தூள் கரைவதைத் தடுத்துவிடும்.