சூதாட்டமா, கைத்திறனா?
சாய்ந்த பலகையில் எஃகுக் குண்டு உருளும் பின்பால் இயந்திரங்கள், மேயர் லா கார்டியாவின் முயற்சியால் 1942இல் நியூயார்க்கில் சூதாட்டக் கருவிகளெனத் தடைசெய்யப்பட்டன. சம்மட்டியால் உடைக்கவும் பட்டன. குண்டை ஏவியபின் ஆடுபவர் செய்யக்கூடியது அன்று மிகக் குறைவு.

1947இல் சிகாகோவின் காட்லீப் நிறுவனம் வெளியிட்ட 'ஹம்ப்டி டம்ப்டி' அந்நிலையை மாற்றியது. அதில் ஹாரி மாப்ஸ் ஆறு ஃபிளிப்பர்களை அமைத்தார். பொத்தானை அழுத்தினால் கம்பிச்சுருள் மின்காந்தமாகி இரும்புத் தண்டை இழுக்கும். அத்துடன் இணைந்த சிறுமட்டை குண்டை மேலே அடிக்கும். கணினியற்ற அக்காலத்தில் ரிலேக்களே மதிப்பெண்ணையும் கணக்கிட்டன.

ஆட்டம் கைத்திறனுக்கு மாறியும் தடை நீடித்தது. 1976இல் ரோஜர் ஷார்ப், குண்டு செல்லும் வழியை முன்னரே சொல்லி, நகரமன்றக் குழுவின்முன் அவ்வாறே ஏவிக் காட்டினார். தடை நீங்கியது. இயந்திரத்தில் நேர்ந்த மாற்றத்தைச் சட்டம் ஏற்க 29 ஆண்டுகள் ஆயின.