லேர்ட் – டேட்டம் வழக்கு (1972): விலக மறுத்த நீதிபதி

ஒரு வழக்கில் தமக்கு உறவோ, பொருள் நலனோ, முன்தொடர்போ இருந்தால் நீதிபதி அதிலிருந்து ஒதுங்கிக்கொள்வது விலகல் எனப்படும். கீழ் நீதிமன்றங்களில் விலகியவரின் இடத்தில் வேறொருவர் அமர்வார். ஒன்பது நீதிபதிகளைக் கொண்ட அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் அவ்வாறு மாற்று நீதிபதி கிடையாது. எனவே ஒருவர் விலகுவதே முடிவை மாற்றிவிடக்கூடும். லேர்ட் – டேட்டம் வழக்கு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

வியட்நாம் போர் எதிர்ப்பாளர்கள் உள்ளிட்ட பொதுமக்களின் அரசியல் நடவடிக்கைகளை அமெரிக்க இராணுவம் கண்காணித்து வந்தது 1970 ஜனவரியில் வெளிப்பட்டது. இது பேச்சுரிமையை ஒடுக்குகிறது என்று டேட்டம் முதலானோர் பாதுகாப்புத் துறைச் செயலர் மெல்வின் லேர்டு மீது வழக்குத் தொடுத்தனர். மாவட்ட நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமோ அதை விசாரிக்கலாம் என்றது.

1971இல் இக்கண்காணிப்பு பற்றி செனட் துணைக்குழு விசாரித்தபோது, அரசுத் தரப்பில் சாட்சியம் அளித்தவர் நீதித் துறை அதிகாரி வில்லியம் ரென்குவிஸ்ட். இந்த வழக்கையே குறிப்பிட்டு, இது நீதிமன்றம் விசாரிக்கத் தக்கதன்று என்ற கருத்தையும் அவர் தெரிவித்தார். 1972 ஜனவரியில் அவரே உச்ச நீதிமன்ற நீதிபதியானார்.

தீர்ப்பு

1972 ஜூன் 26இல் 5–4 என்ற கணக்கில் அரசு வென்றது. அதிபர் நிக்சன் நியமித்த நால்வரும் பெரும்பான்மையில் இருந்தனர். ரென்குவிஸ்ட் விலகியிருந்தால் 4–4 என்றாகி, மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முடிவே நிலைத்திருக்கும். வழக்கும் விசாரணைக்குச் சென்றிருக்கும்.

விலகல் மனு

ரென்குவிஸ்ட் விலக வேண்டும் என்று வழக்குத் தொடுத்தவர்கள் மனுச் செய்தனர். அதனை முடிவு செய்தவரும் அவரே. அக்டோபரில் மனுவைத் தள்ளி, காரணங்களை விரிவாக எழுதினார். தாம் அவ்வழக்கில் வழக்கறிஞராக இருக்கவில்லை; சட்டம் பற்றி முன்பே கருத்துக் கொண்டிருப்பது ஒருசார்பு ஆகாது; சமநிலையில் முடிந்தால் சட்டம் தெளிவுபெறாது என்பன அவருடைய வாதங்கள். செனட்டராக இருந்தபோது தொழிலாளர் நியாயத் தரச் சட்டத்தை உருவாக்கிய ஹியூகோ பிளாக், பின்னர் நீதிபதியாக அச்சட்டம் பற்றிய வழக்கில் அமர்ந்ததையும் எடுத்துக்காட்டினார்.

இவ்வாதங்களில் வலு உண்டு. ஆனால் பொதுவான சட்டக் கருத்து வேறு, நிலுவையிலுள்ள ஒரு வழக்கைப் பற்றி அரசின் சார்பில் பேசுவது வேறு. விமர்சகர்கள் சுட்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

பின்விளைவுகள்

1974 ஜூலையில் நிக்சனின் ஒலிநாடா வழக்கில் ரென்குவிஸ்ட் தாமாகவே விலகினார். எட்டு நீதிபதிகளும் ஒருமித்து நிக்சனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். ஒருவர் இல்லாததால் அத்தீர்ப்பின் மதிப்புக் குறையவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் விலகல் சட்டத்தைத் திருத்தியது. நடுநிலையை நியாயமாக ஐயுற இடமிருந்தாலே நீதிபதி விலக வேண்டும் என்றானது. அரசுப் பணியில் இருந்தபோது குறிப்பிட்ட வழக்கின் தகுதி பற்றிக் கருத்துக் கூறியவரும் விலக வேண்டும் எனச் சேர்க்கப்பட்டது.

1986இல் ரென்குவிஸ்ட் தலைமை நீதிபதியாக முன்மொழியப்பட்டபோது இவ்விவகாரம் செனட்டில் மீண்டும் எழுந்தது. 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தனக்கென நடத்தை விதிகளை வெளியிட்டது. எனினும், விலகுவதா வேண்டாமா என்பதை இன்றும் அந்தந்த நீதிபதியே முடிவு செய்கிறார்.