மைதானத்தில் பீர், எல்லையில் கள்ளு

எங்க ஊர் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். இருப்பது கேரளா, வீட்டில் பேசுவது தமிழ், சாமான் வாங்கப் போவது பொள்ளாச்சி. பதினைந்து வருடமாக அமெரிக்காவில் பொட்டி தட்டிக்கொண்டிருக்கிறேன். இங்கே காலேஜ் ஃபுட்பால் மேட்ச்களில் பீர் விற்கலாமா என்று பேச்சு வந்தாலே நம்ம ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "படிக்கற எடத்துல சாராயக்கடையா?" என்பது ஒன்று. "விக்காட்டி மட்டும் குடிக்காம இருக்கப் போறாங்களா?" என்பது இன்னொன்று. இரண்டுமே எங்க ஊர் எல்லைக்குப் பழைய சங்கதி.

கொஞ்சம் வரலாறு. 1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அடுத்த வருடம் சித்தூர், கடப்பா. (இந்தச் சித்தூர் ஆந்திரச் சித்தூர். எங்க சித்தூர் வேறு, அதற்கு வருகிறேன்.) 1939இல் வட ஆற்காடு. கள்ளு, சாராய ஏலத்தில் வந்த பணம் போனதால் அரசாங்கப் பெட்டியில் ஓட்டை. அதை அடைக்க அதே 1939இல் விற்பனை வரி வந்தது. யுத்த காலத்தில் மதுவிலக்கு கைவிடப்பட்டது, சுதந்திரத்தை ஒட்டி மறுபடி வந்தது, 1948இல் மாகாணம் முழுக்கப் பரவியது. நடுவில் விற்பனை வரி மட்டும் எங்கேயும் போகவில்லை. மதுவுக்குப் பதிலாக வந்த வரியும் நின்றது, பிற்பாடு மதுவும் திரும்பி வந்தது!

அப்போது பாலக்காடு, மலபார் ஜில்லாவில் அடங்கிய மெட்ராஸ் மாகாணப் பகுதி. எங்க சித்தூர் தாலுகாவோ கொச்சி ராஜாவுடையது. மூன்று பக்கமும் மெட்ராஸ் சர்க்கார், நடுவில் துண்டாகக் கொச்சி. அந்தப் பக்கம் குடித்தால் குற்றம், இந்தப் பக்கம் கள்ளுக்கடை ஏலம் சமஸ்தான வருமானம். ஒரே வாய்க்கால், ஒரே சாதிசனம், மாமன் மச்சான் உறவு. வரப்பைத் தாண்டினால் சட்டம் வேறு. "வெயில் தாழ்ந்தா கிழக்கேயிருந்து சொந்தக்காரங்க ரொம்ப அக்கறையா நலம் விசாரிக்க வருவாங்க" என்று என் தாத்தா சிரித்துக்கொண்டே சொல்வார்.

1956இல் மாநிலங்கள் பிரிந்தபோது பாலக்காடும் சித்தூரும் ஒரே கேரளாவுக்குள் வந்துவிட்டன. எல்லைக்கோடு வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் நகர்ந்தது, குடிகாரர்களும் கூடவே நகர்ந்தார்கள். கேரளா 1967இல் மதுவிலக்கை எடுத்தது. தமிழ்நாடு 1971இல் எடுத்து, 1973-74இல் மூடி, 1981இல் திறந்து, 1987இல் கள்ளை மூடியது. கேரளா 1996 ஏப்ரல் 1 முதல் சாராயத்தைத் தடை செய்தது. 2003இல் தமிழ்நாட்டில் டாஸ்மாக்கே சில்லறைக் கடை வைத்தது. 2014இல் உம்மன் சாண்டி அரசு பார்களை மூடியது, முதலில் 418, அப்புறம் இன்னும் முந்நூறுக்கு மேல். 2017இல் அடுத்த அரசு அந்தக் கொள்கையை மாற்றியது. எந்த ஊரில் எப்போது எது கிடைக்கும் என்று எங்க பக்கத்து ஆட்களுக்கு பஞ்சாங்கம் மாதிரி மனப்பாடம்.

இதில் நான் வெளியாள் இல்லை. கேரளாவின் பல ஜில்லாக் கள்ளுக்கடைகளுக்குக் கள் போவது சித்தூர்த் தென்னந்தோப்புகளிலிருந்துதான். தேங்காய் விலை விழுந்த வருடங்களில் கள் இறக்க மரத்தை வாடகைக்கு விட்டவர்கள்தான் தப்பித்தார்கள். எங்கப்பா பீடிகூடக் குடிக்காதவர், ஆனால் மரம் விட்டார். அம்மா ஒரு வாரம் பேசவில்லை. அந்த வாடகையில்தான் என் காலேஜ் ஃபீஸும் ஹாஸ்டலும் ஓடியது. ஆகவே, "மதுப்பணத்தில் கல்வியா, சீச்சீ" என்று என்னால் சட்டென்று சொல்ல முடியாது. அதனாலேயே இந்த விஷயம் என்னை விடாமல் குடைகிறது.

என் மச்சினர் குடும்பம் மூணாறு எஸ்டேட். அங்கே கதை இன்னொரு தினுசு. 1909இல் ஆரம்பித்த ஹை ரேஞ்ச் கிளப்பில் துரைமார்களுக்கு விளையாட்டும் உண்டு, பாரும் உண்டு. பழைய துரைகளின் தொப்பிகள் அந்த பார் சுவரில் தொங்குவது பிரபலம். அவர்கள் ஆடிவிட்டுக் குடித்தால் கிளப் நாகரிகம். ஃபின்லே ஷீல்டு ஃபுட்பால் ஆடிவிட்டு லயத்துக்காரன் குடித்தால் ஒழுங்கீனம். மைதானமும் மதுவும் சேரலாமா என்ற கேள்விக்கு யார் குடிக்கிறார்கள் என்று பார்த்தே பதில் சொல்லி வந்திருக்கிறோம்.

தமிழ்நாட்டில் இது 2023 ஏப்ரலில் வெடித்தது. சிறப்பு உரிமம் வாங்கினால் கல்யாண மண்டபம், விளையாட்டு அரங்கம் உள்பட பல இடங்களில் மது பரிமாறலாம் என்று விதி வந்தது. ஒரே கூச்சல். கல்யாண மண்டபத்தை நீக்கி, தேசிய, சர்வதேசப் போட்டிகள், மாநாடுகளுக்கு மட்டும் என்று திருத்தினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் சில நாட்களிலேயே அதற்கும் இடைக்காலத் தடை போட்டது. காலேஜ் மேட்ச் பேச்சிலேயே இல்லை. கேரளாவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 2017இல் அங்கே மது வாங்கும் வயதை 21லிருந்து 23 ஆக்கிவிட்டார்கள், டிகிரி முடித்துப் போகிற பையனுக்குக்கூட அந்த வயது ஆகியிருக்காது.

இங்கேயும் 1984 சட்டத்துக்குப் பிறகு வயது 21தான். கேலரியில் கத்துகிற மாணவர்களில் பெரும்பாலோருக்கு அந்த வயது ஆகவில்லை. அப்படியானால் பீர் யாருக்கு? பழைய மாணவர்களுக்கும், டிக்கெட்டுக்கு நூறு டாலர் கொடுக்கிற அப்பாமார்களுக்கும். மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் 2011இல் விற்க ஆரம்பித்தபோது சொன்ன காரணம் கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அதுவரை இடைவேளையில் ஜனம் வெளியே கார் நிறுத்துமிடத்துக்குப் போய் மூக்குமுட்ட ஏற்றிக்கொண்டு திரும்பும். அதை நிறுத்தி, உள்ளே அளவாக விற்றார்கள். மேட்ச் நாளில் போலீஸுக்கு வரும் வம்பு குறைந்தது. வருமானமும் வந்தது. வருடா வருடம் இன்னும் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்தன, 2019இல் தென்கிழக்கு மாநிலங்களின் எஸ்.இ.சி. அமைப்பும் தடையை எடுத்தது. மூன்றாவது கால்பகுதி முடிந்தால் விற்பனை நிறுத்தம், இருக்கைக்குக் கொண்டுவந்து விற்கக்கூடாது என்றெல்லாம் கட்டுப்பாடு.

கட்டுப்பாடு வேலை செய்யும் என்பதை நான் மறுக்கவில்லை. எல்லை தாண்டிக் குடித்துவிட்டு ராத்திரி இருட்டில் சைக்கிளில் திரும்பி வாய்க்காலில் விழுந்தவர்கள் எங்க ஊரில் உண்டு, பக்கத்திலேயே கடை இருந்திருந்தால் விழுந்திருக்க மாட்டார்கள். ஆனால் என் பயம் பணத்தைப் பற்றியது. போலீஸ் வம்பு குறைய விற்கிறோம் என்று ஆரம்பித்த இடம், நாலு வருடத்தில் அந்தப் பணத்தை நம்பிக் கோச்சுக்குச் சம்பளம் பேசியிருக்கும். அதற்கப்புறம் வம்பு கூடினாலும் கடையை யார் மூடுவது? ராஜாஜி அந்த வருமானத்தை விட்டதற்கு ஒரு புது வரியே போட வேண்டி வந்தது. ஒரு பல்கலைக்கழகம் எந்த வரியைப் போடும்? ஃபீஸைத்தான் ஏற்றும்.

ஆகவே என் ஓட்டு "விற்க வேண்டாம்". விற்றே தீருவேன் என்றால், அந்தப் பணத்தை விளையாட்டுத் துறை தொடாமல் இருக்கட்டும். குடியில் மாட்டிக்கொண்ட மாணவர்களின் சிகிச்சைக்கு மட்டும் போகட்டும், கணக்கை வருடா வருடம் வெளியிடட்டும். எத்தனை பேர் அப்படி விற்க முன்வருகிறார்கள் பார்ப்போம் :-)

வரும் ஆகஸ்டில் என் பெண் காலேஜ் சேர்கிறாள். அவளுக்கு 18. சேர்கிற இடத்தின் ஸ்டேடியத்தில் பீர் உண்டு. இதையெல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, "உன் ஃபீஸ் எந்த மரத்துல இருந்து வந்துச்சுப்பா?" என்று கேட்டாள். கிணற்றுமேட்டு வரிசையில் பதினொரு மரம், இன்னும் நிற்கிறது, தம்பி இந்த வருடமும் வாடகைக்கு விட்டிருக்கிறான் என்றேன்.