கட்டளையிலிருந்து கற்பித்தலுக்கு

பள்ளிப் பாடங்களுள் பெரும்பாலானவை நான்கு சுவர்களுக்குள் நடைபெறுகின்றன. உடற்கல்வி வானத்தின்கீழ் நடைபெறுகின்றது. கணிதம் கற்பிக்கத் தொடங்கும் பயிற்சி ஆசிரியரின் தடுமாற்றத்தை அவ்வகுப்பு மட்டுமே காணும். முதன்முறையாக ஊதலைக் கையிலேந்தித் திடலில் இறங்கும் பயிற்சி ஆசிரியரின் தடுமாற்றத்தைப் பள்ளியே காணும். நாற்பது குழந்தைகள் நாற்பது திசைகளில் ஓடுகின்ற அந்நேரத்தில் அவர் நாடும் முதல் துணை கட்டளையாகும். “நில், வரிசையில் நில், அசையாதே” என்னும் சொற்கள் அவர் வாயில் தாமாகவே வந்துவிடுகின்றன. இச்சொற்கள் எங்கிருந்து பள்ளிக்குள் புகுந்தன, அவற்றைக் கடந்து செல்ல முன்னோர் எவ்வாறு முயன்றனர் என்பதை அறிந்தால், பயிற்சி ஆசிரியருக்குத் தம் பணியின் பொருள் விளங்கும்.

சட்டாம்பிள்ளையும் சென்னை முறையும்

கற்றுக்கொண்டிருப்பவரே கற்பித்துப் பழகுதல் என்னும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தான். ஆண்டுரு பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைகள் காப்பகத்தின் பொறுப்பை ஏற்றார். நாட்டுப் பள்ளியொன்றில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அம்முறையைத் தம் காப்பகத்திலும் புகுத்த விரும்பினார். உதவி ஆசிரியர்கள் இணங்காமற் போகவே, அப்பணியைச் சிறுவன் ஒருவனிடம் ஒப்படைத்தார். அது வெற்றி பெற்றது. 1797இல் அவர் வெளியிட்ட நூலின் வாயிலாக அம்முறை இங்கிலாந்தில் பரவி, ‘சென்னை முறை’ என்றே பெயர் பெற்றது.

இங்கிலாந்தில் இம்முறையின் குறைகள் வெளிப்பட்டபின், 1846இல் மாணவ ஆசிரியர் திட்டம் தோன்றியது. பதின்மூன்று வயதில் சேர்ந்து ஐந்தாண்டுகள் பள்ளியிலேயே கற்பித்துக்கொண்டு கற்ற இளைஞர்கள், பின்னர்ப் பயிற்சிக் கல்லூரிக்குச் செல்ல வழி ஏற்பட்டது. இன்றைய கற்பித்தல் பயிற்சியின் மூதாதையருள் இவர்களுக்கு இடமுண்டு. எழுத்தையும் எண்ணையும் கற்பிக்க இவர்கள் பழகினர். ஆயின், குழந்தையின் உடலைப் பேணிக் கற்பிக்க இவர்களுள் எவரும் பழக்கப்படவில்லை. அவ்விடத்தை நிரப்ப வந்தவர் படைவீரர்.

படைவீரர் வந்த காலம்

ஐரோப்பாவின் பிற பகுதிகளில் உடற்கல்வி முன்னரே வேரூன்றியிருந்தது. செருமானிய ஆசிரியர் குட்ஸ் மூட்ஸ் இளைஞர்க்கான உடற்பயிற்சி நூலை 1793இல் வெளியிட்டார். டென்மார்க் நாட்டின் 1814ஆம் ஆண்டுச் சட்டம் ஆண் குழந்தைகளுக்கு உடற்பயிற்சியைப் பள்ளிப் பாடமாக்கியது. பேர் ஹென்ரிக் லிங் 1813இல் சுவீடன் நாட்டுத் தலைநகர் ஸ்டாக்ஹோமில் அரச நடுவண் உடற்பயிற்சி நிலையத்தை நிறுவினார். உடலின் அமைப்பை அறிந்து, எளியதிலிருந்து கடியதற்குப் படிப்படியாகச் செல்லும் பயிற்சி முறையை அவர் வகுத்தார்.

இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளோ வேறு வழியில் சென்றன. 1871ஆம் ஆண்டு விதிகள், வாரத்திற்கு இரண்டு மணி நேரத்திற்கு மேற்படாமல், ஆண்டில் இருபது வாரங்கள் அணிவகுப்புப் பயிற்சி அளிக்க இசைந்தன. பயிற்சியளிக்கப் படைத்துறைச் சார்ஜண்டுகள் அமர்த்தப்பட்டனர். நாளொன்றுக்கு ஆறு பென்ஸ் ஊதியமும், நடந்து வரும் ஒவ்வொரு மைலுக்கும் ஒரு பென்னியும் அவர்களுக்குரிய கூலியாகும். ஏழைக் குழந்தையின் உடல் வளர்ச்சிக்கு அரசு இட்ட விலை அது. அடங்கி நடத்தலும் ஒருங்கே அசைதலுமே அப்பயிற்சியின் நோக்கங்கள். குழந்தை ஏன் அசைகின்றது, எவ்வாறு வளர்கின்றது என்னும் வினாக்களுக்கு அங்கே இடமில்லை.

ஆசிரியர் வந்த காலம்

இந்நிலையை மாற்ற முற்பட்டவர்களுள் மார்ட்டினா பெர்க்மன் ஆஸ்டர்பர்க் குறிப்பிடத்தக்கவர். ஸ்டாக்ஹோம் நிலையத்தில் பயின்ற இவ்வம்மையார், 1881இல் இலண்டன் பள்ளி வாரியத்தில் பெண்கள் பள்ளிகளுக்கும் சிறுவர் பள்ளிகளுக்கும் உரிய உடற்பயிற்சி மேற்பார்வையாளராகப் பொறுப்பேற்றார். வெளியாரை வரவழைப்பதை விடுத்து, வகுப்பாசிரியைகளுக்கே பயிற்சி அளித்தார். சில ஆண்டுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியைகள் அவரிடம் பயிற்சி பெற்றனர். 1885இல் ஹாம்ஸ்டெட்டில் அவர் தொடங்கிய கல்லூரி 1895இல் டார்ட்ஃபோர்டுக்கு மாறியது. உடற்கூற்றியல், உடலியங்கியல், உடல்நலவியல் ஆகியவற்றை ஏட்டில் கற்ற மாணவியர், பள்ளிகளுக்குச் சென்று குழந்தைகளிடையே கற்பித்தும் பழகினர். அறிவும் செயலும் ஒருங்கிணைந்த உடற்கல்வி ஆசிரியப் பயிற்சி இங்ஙனம் உருப்பெற்றது.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைத்தலாகாது. அம்மையார் 1888இல் பள்ளி வாரியப் பணியினின்று விலகினார். அவருடைய கல்லூரி உருவாக்கிய ஆசிரியைகளுள் பெரும்பாலோர் வசதி படைத்தோர் பயின்ற பெண்கள் பள்ளிகளுக்கே சென்றனர். தொடக்கப் பள்ளியின் ஏழைக் குழந்தை மீண்டும் தனித்து விடப்பட்டது.

1899 முதல் 1902 வரை நடைபெற்ற போயர் போரின்போது, படையில் சேர வந்த இளைஞருள் பலர் உடல்தகுதியற்றவர் எனத் திருப்பி அனுப்பப்பட்டனர். அதிர்ச்சியுற்ற அரசு 1902இல் போர்த்துறையின் துணைகொண்டு ஒரு மாதிரிப் பயிற்சித் திட்டத்தை வெளியிட்டது. வளர்ந்த வீரர்களுக்கு உரியதை வயது வேறுபாடும் ஆண் பெண் வேறுபாடும் நோக்காது குழந்தைகள்மேல் சுமத்திய அத்திட்டம் கடுங்கண்டனத்திற்கு உள்ளாயிற்று. 1904இல் அதற்கு மாற்றாகப் புதிய பாடத்திட்டம் வந்தது. 1909ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் லிங்கின் முறையைத் தழுவியது. 1919ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு விளையாட்டும் ஆடலும் மிகுதியான இடம் பெற்றன. 1933ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் குழுப்பயிற்சிக்கு வழி வகுத்தது. சார்ஜண்டின் இடத்தில் வகுப்பாசிரியர் நிலைபெற முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

சென்னையும் மலாயாவும்

சென்னையிலிருந்து மேற்கே சென்ற கற்பித்தல் முறைக்கு ஈடாக, மேற்கிலிருந்து சென்னைக்கு ஒரு கொடை வந்தது. கூடைப்பந்து பிறந்த ஸ்பிரிங்பீல்டு கல்லூரியில் பயின்ற அமெரிக்கரான ஹாரி குரோ பக், 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். விரல்விட்டு எண்ணத்தக்க மாணாக்கரோடு தொடங்கிய அக்கல்லூரி பல தலைமுறை உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கியது. 1924ஆம் ஆண்டுப் பாரிசு ஒலிம்பிக்கிற்கு இந்திய அணியை அழைத்துச் சென்றவரும் பக் அவர்களே.

மலாயாவின் தோட்டப்புறங்களில் நிலை வேறாக இருந்தது. பள்ளி வயதுக் குழந்தைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி அமைத்தல் வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு வலியுறுத்தியது. பல தோட்டங்களில் கங்காணியோ எழுத்தறிந்த தொழிலாளியோ ஆசிரியராக அமர்ந்தார். பயிற்சி பெற்ற ஆசிரியரே அரிதாயிருந்த காலத்தில், உடற்கல்விக்குத் தனிப் பயிற்சி என்பது எண்ணிப் பார்க்கவும் இயலாத ஒன்றாகும். பால்மரக் காட்டின் நடுவே குழந்தைகள் தாமே ஆடிய சடுகுடுவும் நொண்டியும் கோலியும் அவர்களுக்கு உடற்கல்வியாயின.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் ஆசிரியப் பயிற்சி விரிவடைந்தது. லிவர்பூலுக்கு அருகிலிருந்த கெர்க்பி மலாயா ஆசிரியர் கல்லூரியில் 1952 முதல் 1962 வரை பல இனத்து மலாயா இளைஞர்கள் பயின்றனர். அவ்வட்டாரப் பள்ளிகளிற் கற்பித்துப் பழகினர். அக்காலத்தில்தான் இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகள் அணிவகுப்பை விடுத்து, குழந்தை தானே அசைந்து கண்டறியும் இயக்கக் கல்வியை நாடிக்கொண்டிருந்தன. சிங்கப்பூரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி 1950இலும், உடற்கல்விக் கல்லூரி 1984இலும் தோன்றின. 1991இல் தேசியக் கல்விக் கழகம் அமைந்தபோது உடற்கல்விக் கல்லூரி அதனுள் இணைந்தது.

செய்ததை எண்ணிப் பார்த்தல்

கற்பித்தல் பயிற்சியின் நோக்கம் யாது? அமெரிக்கக் கல்வியறிஞர் ஜான் டூயி 1904இல் எழுதிய கட்டுரையொன்றில் இவ்வினாவை ஆராய்ந்தார். வகுப்பை அடக்கி நடத்தும் திறனை விரைவில் பெறுவதே பயிற்சி எனக் கொள்ளலாம். குழந்தையின் மனம் இயங்கும் வகையைக் கூர்ந்து நோக்கிச் சிந்திக்கும் ஆசிரியரை உருவாக்குவதே பயிற்சி எனவும் கொள்ளலாம். முன்னதை மட்டும் பெற்றவர் விரைவில் தேர்ந்தவராகத் தோன்றுவார். ஆனால் அங்கேயே நின்றுவிடுவார் என்பது அவர் கருத்து. 1966இல் மஸ்கா மாஸ்டன் உடற்கல்வி கற்பிக்கும் பாணிகளை வரிசைப்படுத்தி நூல் எழுதினார். அவ்வரிசையின் தொடக்கத்தில் கட்டளை நிற்கின்றது. மறுமுனையில் மாணாக்கரின் சுயகண்டுபிடிப்பு நிற்கின்றது. 1983இல் டொனால்டு ஷோன் எழுதிய நூல், செயலின் நடுவிலும் செயலுக்குப் பின்னும் எண்ணிப் பார்க்கும் பண்பைத் தொழில் அறிவின் உயிர்நிலை எனக் காட்டியது. இன்று மலேசியத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் நாள் பாடத்திட்டத்தின் இறுதியில் எழுதும் ‘சிந்தனை மீட்சி’ இம்மரபின் வழி வந்ததே.

எனினும், “பாடம் நன்கு நடைபெற்றது, மாணவர்கள் மகிழ்ந்தனர்” என்று எழுதி முடித்தல் சிந்தனை மீட்சி ஆகாது. நாற்பது குழந்தைகளுக்கு ஒரு பந்து இருந்தால், ஒரு குழந்தை பந்தைத் தொட்ட நேரம் எவ்வளவு, காத்திருந்த நேரம் எவ்வளவு? தவறியவர் வெளியேற வேண்டிய விளையாட்டில் முதலில் வெளியேறியவர் யார்? மிகுந்த பயிற்சி தேவைப்படும் குழந்தையே மிகக் குறைந்த பயிற்சி பெற்றுத் திடலின் ஓரத்தில் அமர்ந்திருந்ததா? விளக்கம் கேட்ட குழந்தைகளின் கண்களில் வெயில் அடித்ததா, ஆசிரியர் கண்களில் அடித்ததா? பயிற்சி ஆசிரியர் இவ்வினாக்களைத் தம் ஏட்டில் எழுதி விடை தேடுவாராயின், அடுத்த பாடத்தில் பந்துகள் பெருகும். இல்லையேல் குழுக்களேனும் சிறுக்கும்.

மலேசியாவில் ஆறாம் ஆண்டு மாணவர்க்கு 1988 முதல் 2019 வரை நடைபெற்ற யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. தேர்வுப் பாடங்களுக்காக உடற்கல்வி நேரத்தை விட்டுக்கொடுத்த வழக்கத்திற்கு அக்காரணம் இனி இல்லை. ஆயினும் பழக்கம் காரணத்தைவிட நீண்ட ஆயுள் உடையது. பயிற்சிக்காகப் பள்ளிக்கு வரும் இளம் ஆசிரியர், மூத்த ஆசிரியர்களிடம் முதலில் காண்பது அப்பழக்கமேயானால், கல்லூரியில் கற்றவை திடலை எட்டமாட்டா. ஆகவே, பயிற்சி ஆசிரியரை உருவாக்கும் பொறுப்பு விரிவுரையாளருக்கு மட்டும் உரியதன்று; அவரை ஏற்கும் பள்ளிக்கும் உரியது.

ஆறு பென்ஸ் கூலிக்கு வந்த சார்ஜண்டு குழந்தையை நிற்கப் பழக்கினார். அவருக்குப் பின் வந்தோர் அதனை அசையவும், ஆடவும், தானே கண்டறியவும் பழக்க முயன்றனர். அம்முயற்சி இன்னும் முற்றுப்பெறவில்லை. ஒவ்வொரு பயிற்சி ஆசிரியரும் திடலில் இறங்கும்போது அவ்வரலாற்றின் அடுத்த வரியை எழுதுகின்றார்.