ஒருசந்தியிலிருந்து உண்டியல் வரை: சேலம், நாமக்கல் சமவெளியில் ஆர்.சி. பள்ளியின் தவக்காலம்

பாஸ்கா பெருவிழாவுக்கு முந்திய நாற்பது நாள் நோன்பைக் கத்தோலிக்கர் தவக்காலம் என்கிறார்கள். பழைய தலைமுறை அதைத் தபசுக்காலம் என்று சொன்னது. இது திருநீற்றுப் புதனில் தொடங்குகிறது. இடையில் வரும் ஞாயிறுகள் நாற்பதில் சேராது. பாஸ்கா பௌர்ணமியைப் பின்பற்றி மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறன்றும் வரலாம். அதனால் தவக்காலத்தின் பெரும்பகுதி மாசி, பங்குனி மாதங்களில் விழும். சேலம், நாமக்கல் சமவெளியில் கிணறுகள் வற்றத் தொடங்குவதும், வெயில் ஏறுவதும், பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுத் தேர்வுக்கு ஆயத்தமாவதும் இதே பருவத்தில்தான். இந்த வட்டாரத்தில் தவக்காலத்தை வீட்டுக்குள் கொண்டுசேர்த்ததில் கோயிலுக்கு இருந்த பங்குக்குக் குறையாத பங்கு, கோயிலை ஒட்டி நின்ற ஆர்.சி. தொடக்கப்பள்ளிக்கும் உண்டு.

நோன்பு இங்கே அயல் சரக்காக வந்து இறங்கவில்லை. மதுரையில் துறவிக் கோலத்தில் வாழ்ந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி 1623 இல் வடக்கு நோக்கிப் புறப்பட்டார். இன்றைய நாமக்கல் மாவட்டத்துச் சேந்தமங்கலத்தை அப்போது ராமச்சந்திர நாயக்கர் ஆண்டுவந்தார். நொபிலி அங்கே வந்து, பின்பு சேலத்தில் தங்கினார். ஆளும் குடும்பத்தைச் சேர்ந்த திருமங்கல நாயக்கர் 1625 இல் மோரமங்கலத்தில் ஞானஸ்நானம் பெற்றார். நொபிலி காவி உடுத்தி, ஊன் தவிர்த்து, நாளுக்கு ஒருவேளை மட்டும் உண்டவர். ஆண்டு முழுவதும் அப்படி வாழ்ந்த ஒருவரிடம் வேதம் கேட்டவர்களுக்கு நாற்பது நாள் விரதம் புதுமையாகத் தோன்றியிருக்க வழியில்லை. ஒருநாளில் ஒருபொழுது உண்பதற்கு ஊரில் ஏற்கெனவே இருந்த சொல் ஒருசந்தி. கத்தோலிக்கரும் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். இறைச்சி விலக்குவது சுத்தபோசனம் ஆயிற்று. நெற்றியில் சாம்பல் இடும் நாள் விபூதிப் புதன் ஆயிற்று. சைவ மண்ணின் சொற்கள் மூன்றும் தடையின்றி நோன்புக்குள் புகுந்துகொண்டன.

1773 இல் ரோமை இயேசு சபையைக் கலைத்தது. அதன் தென்னிந்தியப் பணித்தளங்கள் பாரிசு அயல்மறைப் பணிச் சபைக் குருக்கள் கைக்கு மாறின. புதுச்சேரியிலிருந்து பணிசெய்த அந்தப் பிரெஞ்சுக் குருக்கள் எண்ணிக்கையில் மிகச் சிலர். பார்க்கவேண்டிய ஊர்களோ நாலாபுறமும் சிதறிக் கிடந்தன. ஒரு குரு மாட்டுவண்டியிலோ குதிரையிலோ ஊர் ஊராகப் போய்ப் பூசை வைத்துத் திரும்ப மாதங்கள் ஆகும். இடைப்பட்ட நாட்களில் செபம் சொல்லிக்கொடுத்து, சாவுக்கும் கல்யாணத்துக்கும் முன்னின்று, குழந்தைகளைக் கூட்டி மந்திரங்களை மனப்பாடம் செய்வித்தவர் உபதேசியார். பரலோக மந்திரம், பிரியதத்த மந்திரம், விசுவாச மந்திரம் என்று தொடங்கி, கேள்வியும் பதிலுமாக அமைந்த குறிப்பிடம் என்ற ஞானோபதேசப் பாடத்தை அவர் ஒப்பிக்கச் செய்தார். எழுத்துப் பயிற்சி இதன் பின்னால் வந்தது. பல ஊர்களில் உபதேசியாரின் திண்ணையே பள்ளிக்கூடமானது.

திண்ணை பள்ளியாக உருவெடுக்கத் திட்டம் வகுத்தது 1844 இல் புதுச்சேரியில் ஆயர் கிளெமான் பொனான் கூட்டிய குருக்கள் மாமன்றம். நாட்டுக் குருக்களை உருவாக்குவது, பள்ளிகளைப் பெருக்குவது ஆகிய இரண்டும் அதன் தலையாய தீர்மானங்கள். அதே ஆண்டு அக்டோபரில் குரு லூயி சவினியன் துப்புயி, மரியாளின் தூய இருதயத்தின் பெயரால் தமிழ்ப் பெண்களைக் கொண்டே ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். பெண்பிள்ளைகளுக்குத் தமிழில் எழுத்தறிவு கொடுப்பதே அதன் முதல் வேலை. புதுச்சேரி மிஷன் அச்சகத்தை எழுப்பியவரும் அவரே. கையில் கொடுக்க நூலும், கற்பிக்கப் பெண் ஆசிரியரும் ஒரே காலத்தில் கிடைத்தது தற்செயலானதல்ல. 1854 இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கைக்குப் பின் சென்னை மாகாணத்தில் தனியார் பள்ளிக்கு அரசு உதவித்தொகை கிடைக்கலாயிற்று. 'உதவி பெறும் பள்ளி' என்ற வகை அங்கே பிறந்தது.

பிறகு வந்தது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் மிகக் கடுமையாகத் தாக்கிய மாவட்டங்களில் சேலமும் ஒன்று. 1871 கணக்கெடுப்பில் 19 லட்சத்தைத் தாண்டியிருந்த மாவட்ட மக்கள்தொகை 1881 இல் ஏறத்தாழ 16 லட்சமாகச் சுருங்கியது. புதுச்சேரி மிஷன் பரப்பு முழுவதும் கஞ்சித் தொட்டியும் அநாதை விடுதியும் கோயிலோடு சேர்ந்து நின்றன. பசி தானாக வந்து கிடந்த ஊரில், விரும்பி ஏற்கும் பசியைப் பற்றிப் பேசுவது எளிதாக இருந்திருக்காது. இந்த வட்டாரத்து உழைப்பாளிக் குடும்பத்தின் அன்றாட உணவு கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும். கறி என்பது திருவிழாச் சமையல். வெள்ளிக்கிழமை இறைச்சி கூடாது என்ற விதி அவர்களிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. ஆகவே ஏழை ஊர்களின் தவக்காலம் உணவைக் குறைப்பதைவிடச் செபத்தையும் நடையையும் கூட்டுவதாகவே வளர்ந்தது.

1930 மே 26 அன்று சேலம் தனி மறைமாவட்டமாயிற்று. அதன் முதல் ஆயர் பாரிசு சபையைச் சேர்ந்த ஹென்றி புரூனியே. சேலம் நகரின் குழந்தை இயேசு பேராலயம் ஆயரின் கோயில். ராசிபுரத்தை அடுத்த காக்காவேரி போன்ற கத்தோலிக்க ஊர்களும், சுரமங்கலம் போன்ற ரயில்வே ஊர்ப்பகுதிகளும், எண்ணற்ற கிளைக்கிராமங்களும் ஒரே நிர்வாகத்துக்குள் வந்தன.

அதற்குச் சற்று முன்பே ரோமையிலிருந்து வந்த இரண்டு சட்டங்கள் தொடக்கப்பள்ளியைத் தவக்காலத்தின் நடுவில் நிறுத்திவிட்டிருந்தன. திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1910 ஆகஸ்டில் வெளியிட்ட ஆணை, புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கும் வயதை ஏறத்தாழ ஏழாகக் குறைத்தது. அதுவரை பத்து, பன்னிரண்டு வயதுவரை காத்திருந்த பிள்ளைகள் இரண்டாம், மூன்றாம் வகுப்பிலேயே பாவசங்கீர்த்தனத்துக்கும் நன்மைக்கும் ஆயத்தமாக வேண்டியதாயிற்று. 1917 இல் வெளியான திருச்சபைச் சட்டத்தொகுப்பு, ஏழு வயது நிறைந்த எல்லோரும் சுத்தபோசனம் காக்கவேண்டும் என்றது. ஒருசந்திக்கு வயது 21. ஆக, தொடக்கப்பள்ளிப் பிள்ளை உணவு விலக்கில் பெரியவர்களோடு சரிசமமாகச் சட்டத்துக்கு உட்பட்டது. அந்தக் கடமையைப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லும் வேலை வாத்தியார் தலையில் விழுந்தது. சிறிய ஊர்களில் வாத்தியாரும் உபதேசியாரும் ஒருவரேதான். காலையில் வாய்ப்பாடு, பிற்பகலில் ஞானோபதேசம், மாலையில் கோயிலில் செபமாலை, ஞாயிறன்று குரு வராவிட்டால் பூசைக்குப் பதில் செபக் கூட்டம் என்று ஊரின் நாள் முழுவதையும் அந்த ஒருவரே நடத்தினார். அத்தகைய ஆசிரியர்களின் உழைப்பு எந்த ஆண்டறிக்கையின் எண்களிலும் அடங்காது. எழுத்தையும் விசுவாசத்தையும் ஒரே கையால் கொடுத்தவர்கள் அவர்கள்.

பள்ளியில் தவக்காலம் சாம்பலோடு தொடங்கும். முந்திய ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஓலைகளை வீட்டுப் படங்களுக்குப் பின்னால் செருகி வைத்திருப்பார்கள். காய்ந்த அந்த ஓலைகளைப் பிள்ளைகள் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். அவற்றை எரித்த சாம்பலே திருநீற்றுப் புதனன்று எல்லோர் நெற்றிக்கும். ஒரு தவக்காலத்தின் கடைசி வாரம் அடுத்த தவக்காலத்தின் முதல் நாளுக்குப் பொருள் கொடுக்கிறது. அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள ஆறு வயதுப் பிள்ளைக்கு விளக்கவுரை தேவைப்படாது. ஓலையைக் கையில் பிடித்திருந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை. இயேசு தீர்ப்பிடப்பட்டது முதல் கல்லறையில் வைக்கப்பட்டது வரை 14 நிலைகள். இந்த எண்ணிக்கையை 1731 இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெந்து உறுதிசெய்தார். பெரியவர்கள் அவற்றை ஸ்தலங்கள் என்பார்கள். கோயிலின் இரு சுவர்களிலும் வரிசையாக மாட்டிய படங்கள் முன்பு பிள்ளைகள் எழுந்து, நடந்து, முழங்காலிட்டு, மறுபடி எழுந்து போவார்கள். மூன்றாவது, ஏழாவது, ஒன்பதாவது நிலைகளில் இயேசு விழுகிறார். நான்காவதில் தாயைச் சந்திக்கிறார். ஆறாவதில் வெரோணிக்கா அவர் முகத்தைத் துடைக்கிறாள். படிக்கத் தெரியாத பாட்டியும் எழுத்துக்கூட்டும் பேரனும் ஒரே கதையை ஒரே வேகத்தில் பின்தொடரும் வழி இது. மற்ற எந்த வழிபாட்டையும்விட இது பள்ளிக்குப் பொருந்தி நின்றதற்குக் காரணமும் அதுவே. பெரிய வாரத்தில் பாடுகளின் காட்சிகளைப் பிள்ளைகளே நடித்துக்காட்டும் வழக்கமும் பல பள்ளிகளில் இருந்தது. பெரியவர்கள் ஆடும் பாஸ்கு நாடகத்தின் சிறு வடிவம் அது. துக்க மெட்டில் பாடுகளைப் புலம்பும் மரபு தமிழ்க் கத்தோலிக்கரிடம் பழையது. கோவாவில் பிறந்து இலங்கையில் பணிசெய்து 1742 இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வஸ் எழுதிய வியாகுலப் பிரசங்கம் அதன் பெருநூல். ஒப்பாரி கேட்டு வளர்ந்த பிள்ளைக்குப் பெரிய வெள்ளியின் அழுகை பழகிய குரலில்தான் கேட்டது.

1960களில் எல்லாம் வேகமாக மாறின. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வழிபாடு லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்தது. சொற்களும் மாறின. பூசை திருப்பலியாயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்கு, பாவசங்கீர்த்தனம் ஒப்புரவு, தபசுக்காலம் தவக்காலம், விபூதிப் புதன் திருநீற்றுப் புதன். புதிய சொற்களை வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் பிள்ளைகள். பாட்டி பூசை என்பாள், பேத்தி திருப்பலி என்பாள். இருவரும் ஒரே கோயிலுக்குப் போவார்கள். 1966 பிப்ரவரியில் திருத்தந்தை ஆறாம் பவுல் நோன்புச் சட்டத்தைத் தளர்த்தினார். சுத்தபோசனத்தின் வயது ஏழிலிருந்து பதினான்காக உயர்ந்தது. அந்த ஆண்டுத் திருநீற்றுப் புதனான பிப்ரவரி 23 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஒரே நாளில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் சட்டத்துக்கு வெளியே வந்துவிட்டார்கள்.

வெளியே வந்ததால் தவக்காலம் பள்ளியை விட்டுப் போய்விடவில்லை. விலக்குவதற்குப் பதிலாகக் கொடுப்பது முன்னுக்கு வந்தது. இதற்கும் பழைய வேர் உண்டு. பிரான்சின் நான்சி ஆயர் ஃபோர்பன் ஜான்சன் 1843 இல் தொடங்கிய திருப்பாலத்துவ சபை, மாதம் ஒரு சிறுகாசு கொடுத்துப் பிறநாட்டுப் பிள்ளைக்கு உதவப் பிள்ளைகளையே கேட்டது. சமைக்க அளந்த அரிசியில் ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்துவைக்கும் பிடியரிசி தமிழ்க் கிறித்தவக் குடும்பங்களின் வழக்கம். 1958 இல் ஜெர்மானிய ஆயர்கள் தவக்காலக் காணிக்கையை ஏழை நாடுகளுக்கு அனுப்ப மிசெரியோர் அமைப்பைத் தொடங்கினார்கள். 1962 இல் காரித்தாஸ் இந்தியா உருவாயிற்று. இந்திய மறைமாவட்டங்களில் ஒவ்வொரு தவக்காலத்திலும் நடக்கும் நிதி திரட்டல் அதன் வழி வந்தது. வகுப்பறை மேசைமேல் உண்டியல் வந்து உட்கார்ந்தது. மிட்டாய்க்குக் கிடைத்த காசு அதில் விழும். பெரிய வாரத்தில் திறந்து எண்ணிப் பங்கில் சேர்ப்பார்கள். தன்னிடமிருந்து எதையாவது இழந்துதான் இன்னொருவருக்குக் கொடுக்கமுடியும் என்பதைப் பிள்ளைக்கு உணர்த்த, கறி விலக்கைவிட இது நேரான வழி. கறியே கிடைக்காத வீட்டுப் பிள்ளைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

இந்தப் பள்ளிகளில் கத்தோலிக்கப் பிள்ளைகள் பெரும்பாலும் சிறுபான்மையினர். பக்கத்து வீட்டு இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அதே பெஞ்சில் உட்காருகிறார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 28(3) ஆம் பிரிவு, அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் இசைவு இல்லாமல் எந்தப் பிள்ளையையும் சமயக் கல்வியில் சேர்க்கக்கூடாது என்கிறது. 30 ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குப் பள்ளி நடத்தும் உரிமை தருகிறது. இரண்டுக்கும் இடையில் பள்ளிகள் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன: கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு அதே நேரத்தில் நன்னெறி வகுப்பு. விரதம் என்ற கருத்தில் அவர்களுக்குள் தொலைவு குறைவு. பழனிக்கு மாலை போட்ட தகப்பனைப் பார்த்த பிள்ளைக்குச் சுத்தபோசனத்தை விளக்கவேண்டியதில்லை. 2025 இல் ரமலான் நோன்பும் தவக்காலமும் மார்ச் முதல் வாரத்தில் சில நாள் இடைவெளியில் தொடங்கின. ஒரே வகுப்பில் இரு நோன்புகள் நடந்தன.

உணவின் கதை வேறு பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. காமராசர் ஆட்சியில் 1956 இல் தொடங்கிய மதிய உணவும், எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 இல் தொடங்கிய சத்துணவும் உதவி பெறும் பள்ளிகளுக்கும் சேர்ந்தவை. 1989 முதல் முட்டையும், 2010 இலிருந்து வாரம் ஐந்து முட்டையும் வந்தன. அந்த முட்டையின் பெரும்பகுதி நாமக்கல் கோழிப்பண்ணைகளிலிருந்து போகிறது. 1917 சட்டம் இறைச்சியை மட்டுமே விலக்கியது. முட்டை, பால், மீன் எதையும் தடுக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் சைவம் என்ற எல்லைக்கு அப்பால் முட்டையும் மீனும் நிற்கின்றன. பல குடும்பங்கள் நாற்பது நாளும் இரண்டையும் தொடுவதில்லை. ஊர் வழக்கம் ரோமைச் சட்டத்தைவிடக் கண்டிப்பானதாகவே இருந்துவந்திருக்கிறது. ஆகவே தவக்கால வெள்ளியன்று சத்துணவுத் தட்டில் முட்டை விழும்போது உண்பதா, பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுப்பதா என்ற முடிவு வீட்டு வழக்கத்தைப் பொறுத்தது. பதினான்கு வயதுக்குக் கீழ் எந்தப் பிள்ளைக்கும் விலக்கு கட்டாயமில்லை; வளரும் உடம்புக்கு உணவே முதல் தேவை.

2024 ஜூலை 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஊரகப் பகுதியின் உதவி பெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்தது. திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில், புனித அன்னாள் தொடக்கப்பள்ளியில் அதன் தொடக்க விழா நடந்தது. அடுத்து வந்த 2025 இன் தவக்காலத்தில் சேலம், நாமக்கல் ஊரகத்து ஆர்.சி. பள்ளிப் பிள்ளைகள் காலையில் உப்புமாவோ கிச்சடியோ உண்டுவிட்டு, நெற்றியில் சாம்பலோடு வகுப்புக்குப் போனார்கள். குருத்தோலை ஞாயிறன்று கிடைத்த புதிய ஓலைகள் மறுபடி வீட்டுப் படங்களுக்குப் பின்னால் போயின.