கடல் கடந்த கல்யாணமும் கமராவின் சாட்சியமும்

மணமகளின் ஊரும் மணமகனின் ஊரும் அல்லாத மூன்றாவது நாடொன்றில் திருமணம் செய்வதும், அதைப் படம்பிடிக்கக் கலைஞர் ஒருவர் விமானமேறிச் செல்வதும் இன்று பெருந்தொழிலாகிவிட்டன. பாலித் தீவு, இத்தாலி, நமது பெந்தோட்டை என இடங்களின் பட்டியல் நீளும். செல்வந்தரின் ஆடம்பரம் என்றே பலரும் இதனைக் கருதுவர். ஆயினும் வரலாற்றைப் புரட்டினால், அந்நிய மண்ணில் மணமுடிக்கும் வழக்கத்துக்கு முதலில் வழிவகுத்தது சட்டமே என்பது புலப்படும்.

இங்கிலாந்தில் 1754 இல் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டம், 21 வயதுக்குட்பட்டோர் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக மணமுடிப்பதைத் தடுத்தது. ஸ்கொட்லாந்தில் அத்தடை இருக்கவில்லை. எல்லையைத் தாண்டியதும் வரும் கிரெட்னா கிரீன் கிராமத்துக்குக் காதலர்கள் குதிரை வண்டிகளில் விரைந்தனர். அங்கே கொல்லன் பட்டறையிலும் சாட்சிகள் முன்னிலையில் திருமணங்கள் நடந்தேறின. மணமக்களில் ஒருவராவது ஸ்கொட்லாந்தில் 21 நாட்கள் வசித்திருக்க வேண்டும் என்ற சட்டம் 1856 இல் வந்த பின்னரே அந்த ஓட்டம் தணிந்தது.

அக்காலத்துக் காதலர்களைப் பின்தொடரக் கமரா இருக்கவில்லை. புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839 இல்தான். மறு ஆண்டு பெப்ரவரியில் நடந்த விக்டோரியா மகாராணியின் திருமணத்துக்கே புகைப்படம் கிடையாது. 1851 இல் அறிமுகமான ஈரத்தகட்டு முறையில், கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காயுமுன் படமெடுத்துக் கழுவியும் விட வேண்டும். வெளியிடம் செல்பவர் இருட்டுக் கூடாரத்தையும் இரசாயனப் போத்தல்களையும் சுமந்தே சென்றார். ஆகவே மணமக்களே உடையலங்காரத்துடன் ஸ்ரூடியோவுக்குச் சென்றனர். உலர்தகடும், பின்னர் 35 மில்லிமீற்றர் பிலிம் சுருளும் வந்த பின்னரே கலைஞரின் கால்களுக்கு விடுதலை கிடைத்தது.

அந்த விடுதலைக்கு நல்ல உதாரணம் 1969 மார்ச் 20 ஆம் திகதி ஜிப்ரால்டரில் நடந்த திருமணம். பீற்றிள்ஸ் இசைக்குழுவின் ஜோன் லெனனும் யோகோ ஓனோவும் பாரிஸில் அவசரமாக மணமுடிக்க முயன்றும் வதிவிட விதிகள் இடங்கொடுக்கவில்லை. ஜிப்ரால்டர் பிரித்தானிய ஆட்சிப் பகுதி. அங்கே காத்திருக்கத் தேவையில்லை என்பதை அவர்களது உதவியாளர் பீற்றர் பிரவுண் கண்டறிந்தார். லண்டனிலிருந்து டேவிட் நட்டர் என்ற படப்பிடிப்பாளர் வரவழைக்கப்பட்டார். சடங்கு சில நிமிடங்களில் முடிந்தது. வெள்ளை உடையணிந்த இருவரும், ஜிப்ரால்டர் குன்றின் பின்னணியில் லெனன் உயர்த்திப் பிடித்த திருமணச் சான்றிதழும் அவரது படங்களில் நிலைத்துவிட்டன. அவ்வாண்டு அத்தம்பதியர் வெளியிட்ட இசைத்தட்டுப் பெட்டியில் சான்றிதழின் பிரதியும் இணைக்கப்பட்டிருந்தது. சான்றிதழும் படமும் அருகருகே நின்ற அந்தக் காட்சியை நம்மவர் வேறொரு வடிவில் நன்கறிவர்.

1983 இன் பின்னர் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் அகதிகளாகச் சென்ற இளைஞர்களால் தாயகம் திரும்ப முடியவில்லை. யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கோ அந்நாடுகளின் விசா எளிதில் கிடைக்கவில்லை. இருவரும் சந்திக்கக்கூடிய இடங்களாகச் சென்னையும் திருச்சியும் சிங்கப்பூரும் அமைந்தன. அவர்களுடைய மணமேடையைத் தெரிவு செய்தது குடிவரவுச் சட்டமே.

தொண்ணூறுகளில் கொழும்பில் பத்திரிகைப் பணியில் இருந்தபோது, வெள்ளவத்தை லொட்ஜுகளில் விசாவுக்குக் காத்திருந்த புதுமணப் பெண்கள் பலருடன் உரையாடியிருக்கிறேன். கடவுச்சீட்டுக்கு அடுத்தபடியாக அவர்கள் பாதுகாத்தது கல்யாண அல்பத்தை. தாலி கட்டும் படம் தெளிவாக இருக்கிறதா, இரு வீட்டு உறவினரும் தெரிகின்றனரா என்பதே அவர்களின் கவலை. மணம் மெய்யானதுதானா என்று தீர்மானிக்கும் விசா அதிகாரியின் முன்னால் அந்தப் படங்களும் சாட்சியம். கனடாவுக்கான துணைவர் விண்ணப்பங்களோடு இன்றும் திருமணப் படங்கள் இணைக்கப்படுகின்றன. தொலைபேசி மூலமோ பதிலாள் மூலமோ செய்யும் திருமணங்களைக் கனடா 2015 முதல் குடிவரவுக்கு ஏற்பதில்லை.

அதே அல்பத்தின் இன்னொரு பிரதி யாழ்ப்பாணத்துக்குச் செல்லும். பாதை மூடப்பட்டிருந்த ஆண்டுகளில், சொந்தப் பிள்ளையின் கல்யாணத்தைப் பெற்றோர் பலர் அந்த அல்பத்தில்தான் கண்டனர். முகந்தெரியாத சென்னைப் படப்பிடிப்பாளரின் கண்களே அவர்களுக்குக் கண்களாயின.

போர் 2009 இல் முடிந்தது. இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் வளர்ந்த தமிழ் இளைஞர்களே கமராவுடன் நாடுவிட்டு நாடு பறக்கின்றனர். அவர்களையும் சட்டம் விடுவதில்லை. சுற்றுலா விசாவில் வந்து கூலிக்குப் படமெடுப்பது பல நாடுகளில் குற்றம். விலையுயர்ந்த கருவிகளுக்குச் சுங்கத் தீர்வை கட்டாதிருக்க, 1961 ஆம் ஆண்டுச் சர்வதேச உடன்படிக்கையின் கீழான ‘ஏ.ரி.ஏ. கார்னே’ என்ற தற்காலிக இறக்குமதி ஆவணத்தை அவர்களிற் பலர் எடுத்துச் செல்கின்றனர்.

அவ்விளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். மணமக்களைக் கடற்கரையில் நிறுத்தி எத்தனை படமும் எடுங்கள். ஆனால் பந்தலின் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அப்பா, அம்மா, பெரியம்மா, மாமா ஆகியோரையும் தவறாது எடுத்து, பெயர்களையும் குறித்து வையுங்கள். ஐந்து நாடுகளில் சிதறிய குடும்பமொன்று ஒரே பந்தலில் கூடுவது அந்த ஒரு நாளாகவே இருக்கக்கூடும்.